தெரியாதவரும் தப்பாகத் தெரிந்தவரும்

(தொழிலாளர் அரசியல் வகுப்பில் நிகழ்த்திய பேச்சு)



"ஜனங்களுக்கு விஷயம் தெரியவில்லை" என்கிறோம். ஆனால் தெரியாதவர் வேறு, தப்பாகத் தெரிந்து வைத்திருப்பவர் வேறு. இருவரிடமும் ஒரே பேச்சைப் பேசினால் வேலை நடக்காது.

1952 ஆகஸ்டில், ராஜாஜி மந்திரிசபை தஞ்சை ஜில்லாவுக்கென்று சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. மிராசுதார் மனமிரங்கி வந்ததல்ல. செங்கொடிச் சங்கத்தின் போராட்டத்தால் வந்தது. மகசூலில் சாகுபடியாளருக்கு 40 சதவீதம்; தகராறு வந்தால் சமரச அதிகாரி. இது காதில் விழாதவர் பழைய பங்கையே வாங்கிக்கொண்டு போவார். களத்துமேட்டில் உட்கார்ந்து சொன்னாலோ, "எங்கே மனுக் கொடுப்பது?" என்று கேட்பார். அவருக்கு ஒரு துண்டுப் பிரசுரமும் ஒரு மாலைப் பொழுதும் போதும்.

மற்றவர் சங்கதிக்குக் கேரளத்தைப் பாருங்கள். 1957 ஏப்ரலில் தோழர் இ.எம்.எஸ். மந்திரிசபை பதவியேற்றது. சில நாட்களிலேயே குடியானவரை நிலத்திலிருந்து வெளியேற்றுவதைத் தடுத்தது. பிறகு கல்வி மசோதா வந்தது. தனியார் பள்ளி ஆசிரியருக்குச் சர்க்காரே நேராகச் சம்பளம் கொடுக்கும். நியமனம் நிர்வாகியின் இஷ்டப்படி நடக்காது. சீர்கெட்ட நிர்வாகத்தைச் சர்க்கார் ஏற்கலாம். உடனே, மதத்துக்கே ஆபத்து, பிள்ளைகளை நாத்திகராக்கப் போகிறார்கள் என்று கிளப்பிவிட்டார்கள். 1959-இல் அந்த ஊர்வலங்களில் நடந்தவர்களில் ஏழைகளும் இருந்தார்கள். அவர்கள் ஒன்றும் தெரியாதவர்களா? மசோதாவும் தெரியும், கல்வி மந்திரி முண்டசேரி பெயரும் தெரியும். ஷரத்து மட்டும் தலைகீழாகத் தெரியும்! அவ்வாண்டு ஜூலை 31-இல் மத்திய சர்க்கார் மந்திரிசபையைக் கலைத்தது. (நில உறவு மசோதா ஜூனில்தான் சட்டசபையில் நிறைவேறியிருந்தது. நிலமுடையோருக்கு எங்கே வலித்திருக்கும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.)

தப்பாகத் தெரிந்தவர் கேள்வி கேட்கமாட்டார். நமக்கே பதில் சொல்வார். அவருடைய சாமி, அவருடைய பிள்ளை என்ற பயத்தோடு அந்தப் பொய் முடிச்சுப் போட்டிருக்கிறது. மேடையேறி அவரை "முட்டாள்" என்று ஏசினால் முடிச்சு இறுகும். ஏசுகிறவருக்குக் கைதட்டல் கிடைக்கலாம், சங்கத்துக்கு ஆள் கிடைக்காது. முதலில் அவரைப் பேசவிட வேண்டும். யார் சொன்னார், சொன்னவருக்கு எத்தனை ஏக்கர், எத்தனை பள்ளிக்கூடம் என்று விசாரிக்க வேண்டும். பிறகுதான் ஷரத்தை எடுத்து வாசிக்க வேண்டும். சம்பளம் வாங்கும் வாத்தியாரையே கூட்டிப்போனால் இன்னும் நல்லது. ஒரு நாளில் முடியாது. நாலு தடவை போகத்தான் வேண்டும்.

அடுத்த வகுப்புக்கு வரும்போது, உங்கள் ஆலையிலோ தெருவிலோ உலவும் வதந்தி ஒன்றைக் கொண்டு வாருங்கள். அது முதலில் யார் வாயிலிருந்து வந்தது என்பதையும் விசாரித்து வாருங்கள்.