வானொலியில் பேசிய தென்கச்சியார்



அடுகோடியில் நடக்கும் நம் மாலை வகுப்பில் ஓர் அம்மா கேட்டார்: "ரேடியோவில் எல்லாம் காதில் விழுகிறதே. பிறகு எதற்குப் படிக்க வேண்டும்?" நல்ல கேள்வி. ரேடியோவிலேயே பல ஆண்டுகள் பேசிய ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

அவர் பெயர் தென்கச்சி கோ. சுவாமிநாதன். அரியலூர்ப் பக்கம் தென்கச்சிப்பெருமாள்நத்தம் அவர் ஊர். ஊர்ப் பெயரே அவருக்கு அடையாளப் பெயர் ஆனது. விவசாயம் படித்தவர். 1977-இல் திருநெல்வேலி வானொலியில் வேலைக்குச் சேர்ந்தார். விவசாயிகளுக்கான நிகழ்ச்சிதான் அவர் வேலை.

விவசாயிக்கு ரேடியோ எதற்கு என்று நினைக்க வேண்டாம். 1960-களில் ஆடுதுறை ஆராய்ச்சிப் பண்ணையில் ஏ.டி.டி. 27 என்ற நெல் வந்தது. குறுவைக்கு ஏற்ற, குறைந்த நாளில் விளையும் நெல். திருச்சி வானொலி அதைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தது. தஞ்சாவூர் விவசாயிகள் கேட்டார்கள், விதைத்தார்கள். நெல்லின் எண்ணை யார் நினைவில் வைப்பார்? "ரேடியோ நெல்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள்! கையெழுத்துப் போடத் தெரியாதவருக்கும் அந்தச் செய்தி போய்ச் சேர்ந்தது. அது ரேடியோவின் பலம்.

தென்கச்சியார் பிறகு சென்னை வானொலிக்கு மாறினார். அங்கே 1988-இல் 'இன்று ஒரு தகவல்' தொடங்கியது. தினமும் காலையில் சில நிமிடம்தான். ஒரு செய்தி, ஒரு குட்டிக் கதை, கடைசியில் ஒரு சிரிப்பு. அவசரம் இல்லாத கிராமத்துக் குரல். அவர் சிரிக்க மாட்டார். கேட்பவர்தான் சிரிப்பார். அடுப்படியில் இருந்தவர், டீக்கடையில் நின்றவர், வேலைக்குக் கிளம்பியவர் எல்லோரும் காது கொடுத்தார்கள். சுமார் 14 ஆண்டுகள் இப்படிப் பேசினார். சன் தொலைக்காட்சியிலும் பேசினார். 2009-இல் காலமானார்.

திண்ணையில் உட்கார்ந்து பேசுவதுபோல இருக்கும் அந்தப் பேச்சு. வாய்க்கு வந்ததைப் பேசினார் என்று தோன்றும். வானொலியில் அப்படி முடியாது. நேரம் கணக்கு. சொல்வதை முதலில் தாளில் எழுத வேண்டும். பிறகு ஒலிப்பதிவு அறையில், தாள் சரசரக்காமல் படிக்க வேண்டும். படிப்பது போலவும் தெரியக்கூடாது. இதுதான் கஷ்டம். நம் காதில் விழுந்த பேச்சு, முதலில் எழுத்தாக இருந்தது.

இன்னொன்று. ரேடியோவில் சொன்னது ஒரு தடவைதான். குக்கர் விசில் அடித்தால் போயிற்று. பால்காரர் கூப்பிட்டால் பாதிக் கதை போயிற்று. "ஐயா, இன்னொரு முறை சொல்லுங்கள்" என்று கேட்க முடியாது. மருந்து அளவு, மனுக் கொடுக்கக் கடைசித் தேதி, விதையின் பெயர் இவற்றை அப்படித் தவறவிட்டால் நஷ்டம் நமக்குத்தான். குறித்து வைக்கத் தெரிந்த வீட்டில் அந்தப் பயம் குறைவு.

தென்கச்சியார் பேசியவை பல பாகங்களாகப் புத்தகம் ஆகியுள்ளன. ஒவ்வொரு தகவலும் சிறியது. எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் ஒரே மூச்சில் முடிந்துவிடும். ஊருக்குப் போகிறவர்கள் நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். அன்று பாதியில் போன கதை அதில் இருக்கலாம்.