சென்னாக்கூனியின் குடல்

(குறிஞ்சிப்பாடியில் ஆற்றிய உரை)



கடலூர்ப் பக்கத்துக் கருவாட்டுக் கடைகளில் குவிந்து கிடக்கும் சென்னாக்கூனியை அறியாதார் யார்? இறாலுக்கு உறவான இச் சிற்றுயிரை அறிவியலார் 'அசெட்டிசு' என்பர். 4 செ.மீ.க்கு மேல் வளர்வது அரிது. ஆயினும், அதனுள் முறையாய் அமைந்த செரிப்புக் குழல் ஒன்று உண்டு. உயிருள்ள கூனியின் உடல் ஏறத்தாழக் கண்ணாடி போன்றது. உண்ட உணவு ஓட்டினூடே புறத்தே தெரியும்.

அக் குழல் முன்குடல், நடுக்குடல், பின்குடல் என மூன்று பகுதிகளையுடையது. வாயை அடுத்துக் குறுகிய மிடறு. அதனை அடுத்து இரண்டு அறைகளாலான இரைப்பை. முன்னறையில் உணவு தங்கும். பெரிய இறால்களில் அதனை அரைக்க இரைப்பையினுள்ளேயே பற்கள் உள்ளன! பின்னறையில் நுண்மயிர்கள் சல்லடையாய் நின்று, நுண்ணியவற்றையும் சாற்றையுமே செரிப்புச் சுரப்பிக்குள் விடும். அச் சுரப்பியே செரிநீரைச் சுரக்கும், சத்தை உறிஞ்சும், கொழுப்பைச் சேர்த்து வைக்கும். நமக்குக் கல்லீரலும் கணையமும் செய்யும் பணிகள் பலவற்றை அது ஒன்றே செய்கிறது.

முன்குடலும் பின்குடலும் புறவோட்டுப் பொருளாலேயே உள்வரி பெற்றவை. ஆதலின் கூனி ஓடு கழற்றுங்கால் அவ் வரியும் கழன்று புதிதாகும். நடுக்குடலுக்கு அவ் வரி இல்லை; ஆங்கு ஒரு மெல்லிய படலம் கழிவைப் பொதிந்து கட்டும். அப் பொதி கடலடியில் வீழ்ந்து பிறவுயிர்க்கு உணவாகும்.

தாய்மார்களே, இறாலின் முதுகைக் கீறி நீங்கள் உருவியெடுக்கும் கருநூல் இக் குடலே. கூனிக்கு அவ்வாறு செய்ய இயலுமா? தலையோடும் குடலோடும் முழுதாகவே உண்கிறோம். அது விழுங்கியது எதுவாயினும் நம் வயிற்றுக்கும் வரும். இறால் குடல்களில் நுண்நெகிழித் துகள்கள் இருப்பதை ஆய்வாளர் கண்டறிந்துள்ளனர்.

கடல் தொலைவில் உள்ளதென்று இவ்வூரார் எண்ணற்க. குறிஞ்சிப்பாடி வட்டத்தினூடே ஓடும் பரவனாறு, நெய்வேலிச் சுரங்கங்களில் இறைக்கப்படும் நீரையும் ஏந்திப் பெருமாள் ஏரியை அடைந்து, பின்னர்க் கடலூரில் கடல் சேர்கிறது. ஆற்றில் இன்று நாம் எறியும் நெகிழிப் பை, நாளை பொடிந்து கூனியின் சல்லடைக்குச் செல்லும். அச் சல்லடை மண்ணையும் துகளையும் ஓரளவே தடுக்கும்; நம் குற்றத்தைத் தடுக்காது.

ஆற்றைத் தூய்மையாய்க் காப்போர் தம் கலத்துச் சோற்றையே காப்போராவர்.