தந்தைக்கு மகன் செய்த சிறப்பு



காவலர் பணியை நாடும் சுண்ணாம்புக்குளத்து இளைஞர்களுக்குச் சுபேதார் இராம்ஜி சக்பாலை நினைவூட்ட விழைகிறோம். அவர் சார்ந்தது படைத்துறை. எனினும் சீருடைக்குரிய அறம் ஒன்றே. டாக்டர் அம்பேத்கரின் தந்தையாகிய அவர், படைப்பள்ளியின் தலைமையாசிரியராகவும் விளங்கினார். எம்போன்றோர்க்கு அது தனிப்பெருமை!

ஓய்வுபெற்றபின் அவர் கையில் பொருளில்லை. மகன் விரும்பிய நூல்களை வாங்க, மணமான மகள்களின் நகையை இரவல் பெற்று அடகு வைப்பார். ஓய்வூதியம் வந்ததும் மீட்டுக் கொடுப்பார். பம்பாய்ப் பரேலில் ஒற்றை அறையில், இரவு 2 மணிக்கு மகனைப் படிக்க எழுப்புவதற்காகத் தாம் விழித்திருப்பார்.

அத்தகையவர் பணியாற்றிய படையோ, 1890களில் மகார் மக்களைச் சேர்ப்பதை நிறுத்தியது. வீரம் குன்றியதாலன்று, சாதியே காரணம். முதல் உலகப்போர் மூண்டதும் அழைத்தனர், 1921இல் கலைத்தனர்!

இராம்ஜி 1913இல் மறைந்தார். மகன் மறந்தாரில்லை. 1941இல் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் இடம்பெற்று வாதாடினார். அவ்வாண்டு அக்டோபரில் மகார் படைப்பிரிவு தோன்றியது.