சொட்டுத் தண்ணீரும் சொத்துதான்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



ஜொகூர் பாலத்தைத் தாண்டியதும் வருவது உட்லண்ட்ஸ். பாலத்தோடு போகும் பெரிய குழாய்களை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 1962-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி, ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை சிங்கப்பூர் எடுத்துக்கொள்ளலாம். அதுவும் 2061 வரைக்கும்தான்.

1963-இல் மழை பொய்த்தது. சிங்கப்பூரில் வட்டாரம் வட்டாரமாக முறை வைத்துக் குழாயை அடைத்தார்கள். ஏறக்குறைய 10 மாதம் அந்தப் பாடு! பட்டவர்கள் விழித்துக்கொண்டார்கள். உட்லண்ட்ஸ் பக்கத்திலேயே கிராஞ்சி நீர்த்தேக்கம் 1975-இல் முடிந்தது. பிறகு கழிவுநீரையே சுத்திகரித்து ‘நியூவாட்டர்’ ஆக்கினார்கள்.

அது அரசாங்கம் செய்த வேலை. நம்மால் ஆவது என்ன? காசு உள்ளவர்கள் செய்கிற காரியம் என்று ஒதுங்கிவிடாதீர்கள். அரிசி கழுவிய தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றலாமே. துணி அலசிய தண்ணீரால் வாசலைக் கழுவலாம். குழாயைத் திறந்துவிட்டுப் பல் துலக்காமல் ஒரு குவளையில் பிடித்துக்கொள்ளலாம். இதற்கெல்லாம் ஒரு காசு செலவில்லை.

குழாய் ஒழுகுகிறதா? ராத்திரி ஒரு வாளியை வைத்துப் பாருங்கள். காலையில் வாளியே கணக்குச் சொல்லும். பழைய வாஷரை மாற்றச் சில்லறைக் காசு போதும்.

மாணவர்களே, பரிசு வாங்கிய கையால் இன்றைக்கே வீட்டுக் குழாயை இறுக்கி மூடுங்கள். ஆறு ஒன்றுதான், குடிப்பவர்கள் பாலத்தின் இரண்டு பக்கமும் இருக்கிறோம்.