'எறிதல்' என்று மட்டும் படித்தவன்



இன்று ஒரு சின்னச் சொல்லைப் பற்றிப் பேசப்போகிறேன். ஆங்கிலத்தில் 'த்ரோ', டெனிஸில் 'கஸ்தெ'. இரண்டுக்கும் நான் பாடமாக்கிய கருத்து 'எறிதல்' மட்டுமே.

மகன் முதலாம் வகுப்பில் படித்த காலம். ஒருநாள் பாடசாலையிலிருந்து தொலைபேசி வந்தது. ஆசிரியை சொன்னதில் எனக்குப் பிடிபட்டவை மகனின் பெயரும் 'கஸ்தெ ஒப்' என்பதும்தான். 'ஒப்' என்றால் மேலே. பொடியன் எதையோ மேலே எறிந்து யன்னலை உடைத்துவிட்டான் என்று நானே முடிவுகட்டினேன். ஓடிப்போய், "ஏன்ரா எறிஞ்சனீ?" என்று மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் ஏசினேன். அவன் வெளிறிய முகத்தோடு சொன்னான்: "நான் ஒண்டும் எறியேல்லை அப்பா. சத்தி எடுத்தனான்."

'கஸ்தெ ஒப்' என்றால் சத்தி எடுத்தல். ஆங்கிலத்தில் 'த்ரோ அப்' என்பதும் அதுவேதான்.

அதன்பிறகுதான் இந்தச் சொற்களைத் தேடிப் படித்தேன். ஆங்கிலத்தில் விருந்து வைப்பதும் 'த்ரோ', சக்கரத்தில் பானை வனைவதும் 'த்ரோ'. பழைய ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குத் திருப்புதல், முறுக்குதல் என்றே பொருள். எறிதல் பிறகு வந்தது. எறிதலுக்கு ஆங்கிலத்தில் உள்ள இன்னொரு சொல்லான 'காஸ்ற்', வைக்கிங்குகளின் பழைய நோர்ஸ் மொழி கொடுத்தது. அது எங்கள் 'கஸ்தெ'க்கு உடன்பிறப்பு.

டெனிஸ்காரர் ஒரு விடயத்தை விளக்கும்போது அதன்மேல் வெளிச்சத்தைக் 'கஸ்தெ' செய்வார். சாதிக்கும் டெனிஸில் 'கஸ்தெ' என்றே பெயர். அது போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வேறு வழியாக வந்தது. ஆனாலும் எறியவேண்டியது அதைத்தான்!

எங்கள் தமிழ் மட்டும் இலேசா? வலையும் வீசுகிறோம், காற்றும் வீசுகிறது, பூவும் மணம் வீசுகிறது. ஒருநாள் இரவு மனைவி, "நல்லா நிலவு எறிக்குது" என்றாள். மகன் வானத்தைப் பார்த்து, "ஆரம்மா எறியினம்?" என்று கேட்டான். அவனுக்கு நாங்கள் சிரித்துச் சிரித்து விளங்கப்படுத்தினோம். ஏசவில்லை.

அவன் இப்போது வளர்ந்துவிட்டான். பாடசாலைக் கதையைச் சொல்லி அவன் சிரிக்கிறான். என்னால் முழுதாகச் சிரிக்க முடியவில்லை. "விளங்கவில்லை, இன்னொருமுறை சொல்லுங்கோ" என்று அன்று ஆசிரியையிடம் கேட்க வெட்கப்பட்டேன். அந்த வெட்கத்துக்காக ஒரு சுகமில்லாத பிள்ளை ஏச்சு வாங்கியது.

சொல் விளங்காவிட்டால் கேளுங்கள். கோபத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.