பூச்சிக்குப் பின்னால் வந்த குளவி

குளவி என்றதும் காரைநகரில் பனங்காணிப் பக்கம் போய்வருகிறவர்களுக்கு ஓட்டந்தான் நினைவுக்கு வரும். இன்றைக்குச் சொல்லப்போகும் குளவி ஆட்களைக் கொட்டாது. நீளம் 2 மில்லிமீற்றர்கூட வராது.

பசிபிக் சமுத்திரத்தில் தாஹிட்டி என்றொரு தீவு. 1999இல் அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு தத்துப்பூச்சி அங்கே காணப்பட்டது. மரத்தில் ஓடும் நீரை உறிஞ்சி, பெரும்பங்கை அப்படியே வெளியே தெளிக்கும். வெயில் நேரத்தில் மரநிழலில் நின்றவர்களின் தலையில் தூறல் விழுந்தது. மழையென்று நினைத்தால் பூச்சியின் மூத்திரம்! இரவில் விளக்கைத் தேடி வீடுகளுக்குள்ளும் கூட்டமாக வந்தது. பக்கத்து மூரேயாத் தீவிலே அதைத் தின்ற சிலந்திகள் செத்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். சொந்த மண்ணில் அதை அடக்கிவைத்திருந்த எதிரி கூடவே வரவில்லை. அதுதான் இத்தனைக்கும் காரணம்.

அந்த எதிரி, பூச்சியின் முட்டைக்குள்ளே தன் முட்டையை வைக்கும் ஒரு சிறு குளவி. வேற்று உயிரைத் தீவுக்குள் விடுவது விளையாட்டில்லை. தீவின் சொந்தப் பூச்சிகளுக்கு ஆபத்து வருமா என்று முதலில் சோதித்தார்கள். 2005 மே மாதம் விடுவித்தார்கள். ஏழு மாதத்துக்குள் பூச்சி 90 வீதத்துக்கு மேல் குறைந்தது. குளவி அத்தோடு நிற்கவில்லை. ஆட்களும் சாமான்களும் போகும் வழியே அயல் தீவுகளுக்கும் பரவியது.

எங்கள் நாட்டிலும் இப்படி நடந்திருக்கிறது. 2008இல் கம்பஹா, கொழும்பு வீட்டுத் தோட்டங்களில் பப்பாசி வெண்மூட்டுப்பூச்சி தென்பட்டது. மெக்சிக்கோப் பக்கத்துப் பூச்சி அது. மறு ஆண்டே விவசாயத் திணைக்களம் அதன் எதிரியான வேறொரு குளவியைத் தருவித்து விடுவித்தது. தமிழ்நாட்டில் மரவள்ளி, மல்பெரித் தோட்டங்களைக் காப்பாற்றியதும் 2010இல் வந்த அதே இனம்தான்.

தெளிகருவியைத் தோளில் மாட்டினால்தான் எங்களுக்கு வேலை செய்த திருப்தி. ஆனால் வெண்மூட்டுப்பூச்சிக்கு மெழுகுப் போர்வை இருக்கிறது, குளவிக்கு இல்லை. மருந்தில் முதலில் சாவது குளவி. ஆகவே, மருந்தடிக்குமுன் பப்பாசி இலையைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளைப் படைக்கு நடுவே ஊதிக் காய்ந்த பழுப்பு உடல்கள், அவற்றில் வட்டத் துளை தெரிந்தால், குளவி பொரித்து வெளியே போய்விட்டது என்று அர்த்தம். அந்த இலையைப் பிடுங்கி எரிக்க வேண்டாம். துளையில்லாத உடல்களுக்குள் இன்னும் வெளிவராத குளவிகள் இருக்கும். அடிமரத்தில் எறும்பு ஏறுவதை மட்டும் தடுங்கள். பூச்சி கழிக்கும் இனிப்புநீருக்காக எறும்பு குளவியை விரட்டிக்கொண்டே இருக்கும்.