முப்புரிக் கயிறு

கோழிக்கால் எலும்பு ஒன்றைச் சதை நீங்கச் சுத்தம் செய்து, வினிகர் என்று கடைகளில் விற்கும் காடியில் அமிழ்த்தி, இரண்டொரு நாளுக்கு ஒருமுறை காடியை மாற்றிக்கொண்டே வந்து, ஒரு வாரம் கழித்து எடுத்துப் பாருங்கள். உருவம் மாறாமலிருக்கும், ஆனால் ரப்பர்த் துண்டைப் போல் வளைந்து கொடுக்கும். அதே போன்ற மற்றோர் எலும்பை வெண்ணிறமாகும்வரை நெருப்பிலிட்டுச் சுட்டால், அதுவும் உருக்குலையாமல் கிடக்கும். விரலால் சற்று அழுத்தினாலோ பொடிந்துபோகும். முதல் எலும்பில் சுண்ணாம்புச் சத்து கரைந்தபின் எஞ்சியது எதுவோ, அதுவே இரண்டாவதில் எரிந்துபோயிற்று. கொலாஜன் என்பது அதன் பெயர். நம் சரீரத்திலுள்ள புரதங்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இந்த ஒரே புரதம்தான் என்பதை முதன்முதல் படித்தபோது எனக்கு உண்டான ஆச்சரியம் இன்னும் தணியவில்லை.

எலும்புக்கு உறுதி சுண்ணாம்பால் வந்தது; முறியாமல் தாங்கும் சக்தி கொலாஜனால் வந்தது. தசையின் விஷயம் இதைவிட நுட்பமானது. தசையின் ஒவ்வோர் இழையையும் கொலாஜனாலான மெல்லிய உறையொன்று போர்த்தியிருக்கிறது. இழைகள் சேர்ந்த கற்றைக்கு வேறோர் உறை. கற்றைகள் சேர்ந்த முழுத் தசைக்கும் மற்றோர் உறை. இவ்வுறைகள் யாவும் சதை முடியுமிடத்தில் முடிந்துவிடாமல், ஒன்றுகூடித் திரண்டு, தசைநாண் என்னும் வெண்ணிறக் கயிறாகி, எலும்பின் உள்ளேயே வேரோடிவிடுகின்றன. குதிகாலுக்குச் சற்று மேலே பின்புறத்தைத் தொட்டுப் பார்த்தால், விறைத்து நிற்கும் அக்கயிறு கைக்குத் தட்டுப்படும். அது அதிகம் நீளாது. நீளுமானால், கெண்டைச் சதை எவ்வளவு சுருங்கினாலும் அந்த இழுப்பெல்லாம் கயிற்றின் நீட்சியிலேயே விரயமாகி, குதிகால் தரையைவிட்டு எழும்பாது.

இக்கயிறு எவ்வாறு திரிக்கப்பட்டது என்னும் இரகசியம் சென்னையில் வெளிப்பட்டது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? 1952ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தின் பௌதிகத் துறைக்குத் தலைவராக வந்த ஜி. என். ராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, கங்காருவின் வால் தசைநாணை எக்ஸ் கதிரால் ஆராய்ந்தார். கொலாஜன் மூன்று சங்கிலிகளால் ஆனது என்று 1954இல் அவர்கள் அறிவித்தார்கள்; அம்மூன்றும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கியிருக்கின்றன என்று மறுவருஷமே அதைத் திருத்திச் செம்மையாக்கினார்கள். கயிறு திரிப்பவர்கள் புரியை ஒரு பக்கமாக முறுக்கி, புரிகளைச் சேர்க்கும்போது எதிர்ப்பக்கமாக முறுக்குவார்கள். பிரிந்துபோகாமல் இருக்க அதுவே உபாயம். கொலாஜனிலும் சங்கிலியின் முறுக்கு இடம், மூன்றும் சேர்ந்த முறுக்கு வலம். சங்கிலியில் ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலமே அமர்ந்திருக்கிறது. முறுக்கின் நடுவே உள்ள நெருக்கத்தில் வேறெதுவும் இசைவாகப் பொருந்தாது.

இனி ஒரு கடற்பயணத்தைச் சொல்ல வேண்டும். 1740இல் ஜார்ஜ் ஆன்சன் தலைமையில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட போர்க்கப்பல்களில், பச்சைக் காய்கனியை மாதக்கணக்கில் காணாத மாலுமிகள் ஸ்கர்வி நோயால் கூட்டங் கூட்டமாக மாண்டனர். அவர்களில் ஒருவர், ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அயர்லாந்தின் பாயின் நதிக்கரைப் போரில் காயமுற்ற கிழவர். என்றோ ஆறிப்போன அக்காயங்கள் மறுபடியும் வாய் பிளந்தன. என்றோ முறிந்து கூடியிருந்த எலும்பும், கூடியதே இல்லை என்னும்படி விட்டுப்போயிற்று.

காரணம் வெகுகாலத்துக்குப் பின்னர்தான் விளங்கியது. நெல்லிக்காயிலும் எலுமிச்சையிலும் உள்ள வைட்டமின் சி இல்லாவிட்டால், மூன்று புரிகளையும் பிணைத்து நிறுத்தும் இரசாயன மாற்றம் நிகழ்வதில்லை. புதிதாய்த் திரித்த கயிறு உடற்சூட்டிலேயே பிரிந்துவிடுகிறது. பழைய கயிறோ எப்போதும் அழிந்துகொண்டே இருக்கிறது. அரை நூற்றாண்டாக ஆறிக் கிடந்ததாகத் தோன்றிய அந்தத் தழும்பை, அக்கிழவரின் சரீரம் அவர் அறியாமலே விடாது புதுப்பித்துக்கொண்டு வந்திருக்கிறது.